மாசக் காசு எந்த வழியால் போகிறது?

ஊரிலிருக்கும் அம்மா, ஐயாவுக்கு மாசம் 50,000 ரூபா அனுப்பியும், இருபதாம் திகதிக்கு முன்னமே "காணாது பிள்ளை" என்று ஒட்டுசுட்டானிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ அழைப்பு வருகிறதா? உடனே தொகையைக் கூட்ட வேண்டாம். "கணக்குக் காட்டுங்கோ" என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஊருக்குப் போகும்போது சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் துண்டுகளை எடுத்துப் பாருங்கள்: நகை அடைவு வைத்த துண்டு, குழுவாகச் சேர்ந்து நுண்கடன் கம்பனியில் எடுத்த குழுக்கடனின் அட்டை, உரக்கடைச் சிட்டை. எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள். முதல், வட்டி, தவணைத் திகதி, யாருக்குப் பிணை. இந்தக் கடைசிக் கேள்வியை விடக்கூடாது. ஐயா ஒரு சதமும் கடன்படாமல், மருமகனின் லீசிங்குக்குக் கையெழுத்து வைத்திருப்பார்.

குழுக்கடன்தான் கிழமைக்குக் கிழமை உறிஞ்சுவது. 50,000 ரூபாவை வருடத்துக்கு 24 வீத நிலையான வட்டிக்கு எடுத்து 52 கிழமையில் கட்டினால், கிழமைக்கு 1,192 ரூபா. முதல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வட்டி 45 வீதத்தை நெருங்கும். ஒரேயடியாக முடிக்க ஓடாதீர்கள். "இன்றைக்கு முடித்தால் எவ்வளவு?" என்று முதலில் கம்பனியிடம் கேளுங்கள். மிச்ச வட்டியைக் கழிக்க மாட்டோம் என்றால், முந்திக் கட்டுவதில் லாபமில்லை, அந்தக் காசில் நகையை மீட்கலாம். முடித்தால் கடிதம் வாங்குங்கள். அதே கிழமை கம்பனிக்காரர் இன்னும் பெரிய கடனோடு வந்து நிற்பார்கள், அதற்கும் அம்மாவைத் தயார்படுத்துங்கள்.

அடைவில் வேறு வில்லங்கம். தங்கம் விலை ஏறினால் அதே காப்புக்கு வங்கி கூடத் தரும். வட்டி கட்டப் போனவர் மேலதிகக் காசோடு திரும்புவார், காப்பு வீடு வந்து சேராது. துண்டைப் படம் எடுத்து, தவணைக்கு ஒரு மாசம் முன் உங்கள் போனில் நினைவூட்டல் போடுங்கள்.

வயல் உள்ள வீட்டில் பாதிப் பிழை பெற்றோருடையதல்ல. மாசக் காசு சமமாக வருகிறது, வயல் அப்படிக் கேட்பதில்லை. காலபோகத்துக்கு (மாரி மழை நெல்லுக்கு) ஐப்பசியில் உழவு, விதைநெல், பிறகு உரம், களைநாசினி. கையில் காசில்லை, உரக்கடை கடனுக்குத் தரும். மாசியில் வெட்டு மிசின் வாடகை அன்று பின்னேரமே கொடுக்க வேண்டும். அதனால் நெல் ஈரத்தோடு, கடைக்காரன் சொன்ன விலைக்கு, வயலிலிருந்தே போய்விடும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன். இரண்டு மூன்று நாள் வெயிலும் இரண்டு படங்கும் இருந்தால் காய வைக்கலாம், இல்லாதது அந்த வாடகைக் காசுதான். ஆகவே சித்திரை முதல் புரட்டாதி வரை மாசம் 10,000 ரூபாவை நீங்களே பிடித்து வையுங்கள். ஐப்பசியில் ஒரு பகுதியை உரக்கடைக்கே நேராகக் கட்டிப் பில் எடுங்கள். மற்றது மாசிக்கு. சாப்பாட்டுக்கென்று இரண்டு பேருக்கு ஆறு மூடை நெல்லாவது வீட்டில் நிற்கட்டும். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆவணியில் கடை அரிசி வாங்குவது வன்னியில் புதினமில்லை.

மின்சார பில்லைக் கணக்கிலக்கம் போட்டு நீங்களே ஒன்லைனில் கட்டலாம். மிச்சத்தை மாசம் இரண்டு தடவையாகப் பிரித்து அனுப்புங்கள். அதில் 5,000 ரூபா அம்மாவின் கைச்செலவு: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், சாமத்தியவீட்டு என்வலப், பேரப்பிள்ளைக்கு ஏதாவது. அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். கேட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவா, அது கொப்பியில் ஏறாது.