இன்னும் எத்தனை பங்கு?

சுரங்கத் தேடல் நிறுவனங்களில் முதலீட்டாளர் தொடர்பு வேலை பார்க்கிறேன். போனில் வரும் கேள்விகளில் பாறையைப் பற்றியவை குறைவு. "இன்னும் எத்தனை பங்கு வெளியிடப் போறீங்க?" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். நியாயமான கேள்வி. கேட்பவர்கள் பலர் சேமிப்பைப் போட்டவர்கள்.

ஜூனியர் நிறுவனத்துக்கு, அதாவது தாதுவை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் சின்ன நிறுவனத்துக்கு, விற்பதற்குத் தங்கமோ தாமிரமோ இல்லை; சுரங்கமே இன்னும் வரவில்லை. துளையிடவும், மாதிரிகளைச் சோதிக்கவும், சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும். வருமானம் இல்லாத இடத்துக்கு வங்கிக் கடன் சுலபத்தில் வராது. ஆகவே புதுப் பங்குதான் வழி.

ஒரு கணக்கைப் பாருங்கள். 10 கோடி பங்குகளில் உங்களிடம் 10 லட்சம், அதாவது 1%. தலா 10 சென்ட்டுக்கு 5 கோடி புதுப் பங்குகள் போகின்றன. ஒவ்வொன்றோடும் அரை வாரண்ட். ஒரு வாரண்ட் என்பது பின்னால் குறித்த விலைக்கு ஒரு புதுப் பங்கு வாங்கும் உரிமை. உங்கள் பங்கு 0.67% ஆகிறது. வாரண்டுகள் எல்லாம் பங்காக மாறினால் 0.57%. செய்திக்குறிப்பின் தலைப்பில் திரட்டிய 50 லட்சம் டாலர் மட்டும் பளிச்சென்று இருக்கும். வாரண்ட் விவரம் மூன்றாவது பத்தியில் கிடக்கும். எனக்கு இது பிடிப்பதில்லை. வாரண்ட், ஊழியர் ஆப்ஷன் (ஊழியர்களுக்குக் கொடுக்கும் அதே மாதிரி உரிமை) எல்லாம் சேர்த்த மொத்தப் பங்கு எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன்.

கனடாவில் இப்படித் தனி ஒதுக்கீட்டில், அதாவது சந்தை வழியாக இல்லாமல் நிறுவனத்திடமே நேரடியாக, வாங்கிய பங்குகளைப் பொதுவாக நான்கு மாதமும் ஒரு நாளும் விற்க முடியாது. அந்தத் தேதி வந்ததும் சிலர் பங்கை விற்றுவிட்டு வாரண்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். போட்ட பணம் கைக்கு வந்துவிடும், ஏறினால் வரும் லாபமும் கையை விட்டுப் போகாது. சந்தையில் வாங்கிய சின்ன முதலீட்டாளருக்கு அந்த வசதி கிடையாது. அந்த வாரம் போன் ஓயாது.

பத்துப் பங்கை ஒன்றாக்கும் அறிவிப்பு வந்தாலும் அப்படித்தான். அதனால் உங்கள் சதவீதம் குறையாது. ஆனால் அடுத்த வெளியீட்டுக்கு இடம் தயாராகிறது என்று மக்கள் பயப்படுகிறார்கள். பல தடவை அந்தப் பயம் சரியாகவே இருக்கிறது.

இதற்காகப் புதுப் பங்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். பங்குகளின் எண்ணிக்கை 50% கூடி, அந்தப் பணத்தில் தாது இருப்பு இரண்டு மடங்கானால் ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் இருக்கும் உலோகம் கூடத்தான் செய்கிறது. பணம் அலுவலக வாடகைக்கும் விளம்பரத்துக்கும் போனால்தான் கோபம் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் தேடல் நிறுவனங்கள் காலாண்டுதோறும் பணப்புழக்க அறிக்கை தர வேண்டும். கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டு தாங்கும் என்ற கணக்கும் அதில் உண்டு. இரண்டுக்குக் கீழே போனால் பணத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று எழுதியாக வேண்டும். என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் அந்த வரியைப் படிக்கச் சொல்கிறேன். அப்புறம், கடைசி வெளியீட்டில் இயக்குநர்கள் அதே விலைக்குத் தங்கள் காசைப் போட்டார்களா என்று பார்க்கச் சொல்கிறேன்.