போகும்போது ஒன்றரை, வரும்போது ஆறரை

போன மாதம் அம்மாவைக் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். கைப்பேசியில் காட்டினால் அவருக்கு நம்பிக்கை வராது என்று டிக்கெட்டை அச்சடித்தே கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ராத்திரி ஒன்பதுக்கு ஏறி பத்தரைக்கு இறங்கிடுறோம். வரும்போது மட்டும் பன்னிரண்டுக்கு ஏறினா காலையில ஆறரையா? சுத்திக்கிட்டு வருதா?"

இரண்டுமே நாலு மணி நேரம்தான். இங்கிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்கணும், வரும்போது கூட்டணும் என்று விளக்கினேன்.

"இரண்டரை இல்லப்பா. ரெண்டு."

அடம் பிடித்தார். 1978இல் முதல்முறை போனபோது கடிகாரத்தைச் சரியாக இரண்டு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியது நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டே தேடிப் பார்த்தால், தப்பு என்மேல்! அப்போது தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணிதான் முந்தி இருந்தது. கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்குடன் ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் கூட்டினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதும் நேராகப் புத்தாண்டு.

லண்டனில் இருக்கும் தங்கை கதை வேறு. ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். அவளுக்குக் கடிகாரம் மட்டுமல்ல, பயணமே மாறும். மேற்கிலிருந்து கிழக்கே உயரத்தில் வீசும் காற்று, இங்கே வரும்போது முதுகில் தள்ளும். திரும்பிப் போகும்போது எதிர்க்கும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடக் குறைய ஆகும். சென்னை வழியில் அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது.

நாலு மணி நேரப் பயணத்துக்கு அம்மா மத்தியானமே செந்தூல் வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டார், அது தனி. விமானத்தில் தூங்கவும் இல்லை. முன்சீட்டுத் திரையில் குட்டி விமானம் மலாக்கா நீரிணையைத் தாண்டி, நிக்கோபார் பக்கமாக ஊர்ந்து, அப்புறம் வெறும் நீலத்தில் நின்றதுபோல் இருந்தது.

"இந்தத் தண்ணியிலதான் தாத்தா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாரு" என்றார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் தாத்தா. அவர் கணக்கில் ஏழு நாள்.

சென்னையில் இறங்கியதும் நான் கடிகாரத்தை மாற்றினேன். அம்மா மாற்றவில்லை. மறுநாள் வரவேற்பு மண்டபத்தில் சாயங்காலம் ஐந்தரைக்குத் தண்ணீர் கேட்டார், பிரஷர் மாத்திரைக்கு.

"என்னம்மா இப்பவே?"

"எட்டாயிருச்சு" என்று கையைத் திருப்பிக் காட்டினார்.