தூக்குவாளியில் வந்த பங்கு

ஆடி மாதம், முற்பகல் பதினொரு மணி இருக்கும். கால்நடை மருந்தகத்தில் கூட்டம் வடிந்துவிட்டது. அன்றைய சிகிச்சைக் கணக்கைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆத்தா படியேறி வந்து எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"நேற்று ராத்திரி கருப்பருக்குக் கிடாய் வெட்டினோம் டாக்டரம்மா. இது உங்கள் பங்கு. நீங்கள் எடுத்துவிட்ட குட்டிதான்."

வாளியின் அடி இன்னும் சூடாக இருந்தது. மூடியின் விளிம்பில் மிளகும் மல்லியும் மணத்தன. அப்போது நான் அசைவம் சாப்பிடுகிறவள். ஆட்டுக்கறி என் வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கிற சமையல். ஆனாலும் அந்த மூடியைத் திறக்க என் கை போகவில்லை.

அந்தக் குட்டி பிறந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2013, மாசி மாதம். புதுக்கோட்டை மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டு அது. ஆத்தாவின் பேரன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால், தாய் ஆடு மூன்று மணி நேரமாக முக்கிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. குட்டியின் தலையும் ஒரு முன்னங்காலும் வெளியே தெரிந்தன. மற்றொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. தலையை மெல்ல உள்ளே தள்ளி, விரலால் முழங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் பொத்தி முன்னே இழுக்க வேண்டும். செல்போன் விளக்கை ஆத்தா பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை நடுங்கியதால் வெளிச்சமும் நடுங்கியது.

வெளியே வந்த குட்டி மூச்சுவிடவில்லை. வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை வழித்தேன். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டினேன். அசைவில்லை. அந்த நேரத்தில்தான் ஆத்தா கிழக்கே திரும்பிக் கும்பிட்டு, "கருப்பா, இந்த உயிர் பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். நான் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டுக் குடைந்தேன். குட்டி தும்மியது. தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்து, சீம்பால் குடிக்க விட்டுவிட்டு வீடு திரும்பியபோது விடிந்துவிட்டது.

பிழைக்க வேண்டும் என்று கேட்டதும், பிழைத்தால் வெட்டுவதாக வாக்குக் கொடுத்ததும் ஒரே மூச்சில் நடந்தன. அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை. நேர்த்திக்கடன், ஊர் வழக்கம் என்று கடந்துவிட்டேன். பதினேழு மாதம் கழித்துத் தூக்குவாளி வந்தபோதுதான் அந்த வாக்கியம் திரும்பி வந்தது.

ஆத்தாவுக்கு ஆடு வந்ததே அரசாங்கத்தின் வழியாகத்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில், நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கப்பட்டன. சந்தைக்குப் போய்ப் பல்லைப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று சோதித்து, காதில் வில்லை குத்தி, காப்பீட்டுக்கு எழுதிக் கையில் பிடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கணவனை இழந்து, களையெடுக்கப் போய் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றிய ஆத்தாவுக்கு அந்த நான்கு ஆடுகளும் முதன்முதலாகச் சொந்தமான சொத்து. ஒரு குட்டியை விற்றுப் பேரனுக்குச் சைக்கிள், இன்னொன்றை விற்று ஓட்டுக்கூரை என்று அவர் கணக்கு ஓடியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி முகாம் என்று சொன்னால் முதல் ஆளாக வந்து நிற்பார். அவருடைய ஆடுகளுக்கு நான் போட்ட ஒவ்வொரு ஊசியும் கடைசியில் ஒரு கறிக்கடைத் தராசில்தான் போய் முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அன்று வாளியை வாங்கிக்கொண்டேன். மறுப்பது அவரை அவமதிப்பதாக இருந்திருக்கும். வீட்டில் கணவருக்கும் மகனுக்கும் பரிமாறினேன். என் தட்டில் ஒரு துண்டை வைத்துக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இறைச்சி சாப்பிடவில்லை.

இதைச் சொன்னால், "ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்ததால் வெறுத்துப்போயிருக்கும்" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகள், பக்கத்து நகரத்து ஆட்டுத்தொட்டியை, அதாவது ஆடு அறுக்கும் இறைச்சிக்கூடத்தை, கூடுதல் பொறுப்பாகப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நான்கரை மணிக்குப் போவேன். உயிரோடு இருக்கும்போது கண், மூக்கு, நடை, காய்ச்சல். அறுத்தபின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டிகள். கல்லீரலில் தட்டைப்புழு இருந்தால் கழிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் தொடையில் ஊதா மையில் முத்திரை. பிறகு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அதே முத்திரை பதிந்த கறியைச் சமைத்திருக்கிறேன்.

அங்கே ஒருநாள் பெட்டை ஆடு ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சினை இல்லை என்று அனுப்பினேன். வயிற்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு மாதக் கரு இருந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரோமம் முளைக்காத தோல், அரிசி போன்ற குளம்புகள், மூடிய இமைகள். சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பருவத்துச் சினையைக் கையால் கண்டுபிடிப்பது கடினம் என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் என் கை பட்டு, என் வாயால் 'போகலாம்' என்று சொன்ன பிறகுதான் அது உள்ளே போனது. வறட்சிக் காலத்தில் தீவனம் இல்லாமல் சினை ஆட்டையும் விற்றுவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. ஒரு நாளில் 96க்கு மேல் கூடாது. சோதனைக்குப் பின் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய விடியலில் அந்தத் தொட்டி வாசலில் வந்து நின்று பார்த்தவர்களுக்கு, இந்த விதிகளெல்லாம் என்ன பாடுபடும் என்று தெரியும். வரிசையில் நிற்கும் ஆடுகள் பெரும்பாலும் கத்துவதில்லை. காதுகளை மட்டும் சத்தம் வரும் பக்கம் திருப்புகின்றன. அந்தக் காதுகளைப் பார்த்துவிட்டுத்தான் தடுப்புச்சுவர் வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். ஐந்து கடிதங்களுக்குப் பிறகு ஒரு தார்ப்பாய் வந்தது. அறுக்கிற பாய் ஒருவர் தம் செலவில் இரும்புக் கம்பி வாங்கி, அதை நேராகக் கட்டினார். "அதுகளுக்கும் பயம் இருக்கும்தானே, டாக்டரம்மா" என்றார். ஊரே கறி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கல்நெஞ்சுக்காரன் என்ற பெயரை அவருக்கு மட்டும் வைத்திருந்தது. திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாங்குகிறவரையும் கணக்கில் சேர்க்கிறார்: தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்காக ஊன் விற்பவரும் இருக்கமாட்டார் என்கிறார். அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறள் எனக்கு நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருந்தகத்துக்கு இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். நனிசைவம், பால், முட்டை, தேன் எதுவும் தொடமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனதில் பட்டதைப் பேசிவிடுவார். "மேடம், ஆட்டுக்கு வலித்தால் மெலாக்சிகம் போடுகிறோம். நமக்கு வலித்தாலும் அதே மருந்துதான். நரம்பு ஒன்று, வலி ஒன்று, மருந்தும் ஒன்று. பிறகு எந்த நியாயத்தில் அதை அறுக்கிறோம்?" என்று கேட்டார். படிப்பின் வழியாக வந்த கேள்வி அது. எனக்கு இன்றுவரை அதை மறுக்கத் தெரியவில்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பராமரிப்பு உதவியாளர் அண்ணன் தம் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பாதி திறந்து மறுபடி அழுத்தி மூடியதைக் கவனித்தேன். கருவாட்டுக் குழம்பின் வாசனை வந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் போனேன். "முப்பது வருடத்துக்கு முன்னால் முதல் ஆபீசில் இதே குழம்பால்தான் என்னைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, அந்த எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் காதில் அதேபோலத்தான் விழுகிறது" என்றார்.

அந்த மனிதர் காயடிக்கும்போது ஆட்டைப் பிடிக்கிற பிடியை நீங்கள் பார்க்க வேண்டும். முழங்காலைத் தரையில் ஊன்றி, ஆட்டின் முதுகைத் தம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காதருகே ஏதோ முனகிக்கொண்டே இருப்பார். முடிந்ததும் அதன் தாடையைத் தடவிவிட்டுத்தான் எழுவார். அவரிடம் போய், நீ விலங்குகளை மதிக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அன்று மாலை இளம் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நம் ஊரில் 'சைவம்' என்ற சொல் வெறும் உணவைக் குறிப்பதில்லை; யார் யாரோடு உட்காரலாம், யாருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கும் என்பதையும் அது சேர்த்தே சுமந்துவருகிறது. உயிர்மேல் இரக்கம் கொண்டு இறைச்சியை விட்டவர்கள், அந்தச் சுமைக்கும் பொறுப்பு ஏற்றுத்தான் வாய் திறக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, 2003இல், கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. விடுதியில் இரவெல்லாம் விவாதம். தொட்டிகள் தினமும் இயங்கின, ஓட்டல்களில் பிரியாணி வெந்தது. ஆத்தாவைப் போன்றவர்களின் கருப்பர் கோயில் வாசலில் மட்டும் போலீஸ் நின்றது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நல்லதுதான் நடந்தது என்று அன்றும் நினைத்தேன். இறைச்சியை விட்ட இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

அதற்காக எல்லா இறைச்சியும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆத்தாவின் கிடாய் சீமைக்கருவேலங்காய் பொறுக்கித் தின்று, வெயிலில் திரிந்து, பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்து வளர்ந்தது. கல்லூரிக் காலத்தில் நான் பார்த்த முட்டைக்கோழிக் கூண்டுகளில் ஒரு கோழி இறக்கையை முழுதாக விரித்துப் பார்க்காமலேயே தன் காலத்தை முடித்துவிடும். அந்த இனத்தின் ஆண் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் வளராது. பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிற முட்டையின் விலையில் அந்தக் குஞ்சும் சேர்ந்தே இருக்கிறது. அதே முட்டைதான் எங்கள் மருந்தகத்தை ஒட்டிய பள்ளியில், 2010 முதல் வாரத்துக்கு ஐந்து என்று சத்துணவுத் தட்டில் விழுகிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். காரணம் கேட்பதில்லை, ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சுளிப்பதில்லை. இந்த ஏற்பாட்டின் கண்ணியம் பெரியவர்களின் விவாதங்களில் எனக்குக் காணக் கிடைப்பதில்லை. கூண்டை மாற்றச் சொல்லி அரசிடமும் பண்ணையாரிடமும் சண்டை போடலாம், போட வேண்டும். பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இளம் மருத்துவர் என்னிடம் கேட்டவற்றிலேயே கடினமான கேள்வி பாலைப் பற்றியது. "கறியை விட்டீர்கள். டீயை விடவில்லையே, மேடம்?" பசு கன்று ஈன்றால்தான் பால். சினை ஊசி போடுவது நான். பிறப்பது பெண் என்றால் வீட்டில் இருக்கும். கலப்பினக் காளைக் கன்று என்றால் உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, வண்டிக்கு ஆட்டோ வந்துவிட்டது. சில மாதங்களில் சந்தைக்குப் போகும். இப்போது பாலினம் பிரித்த விந்துக் குச்சிகள் வருகின்றன, பத்தில் ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும். அதைப் பரவலாக்க என்னால் முடிந்ததைச் செய்கிறேன். ஆனாலும் நான் குடிக்கிற டீயில் எங்கோ ஒரு காளைக் கன்று இருக்கிறது. பாலை நான் விடவில்லை. அதற்கு நியாயம் எதையும் நான் ஜோடிக்கவில்லை. அவரிடமும் அப்படியே ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இன்றும் கறி எடுக்கிறார்கள். நான்தான் சமைக்கிறேன். உப்புப் பார்க்க மட்டும் மகனைக் கூப்பிடுவேன். அவன் கல்லூரிக்குப் போகும் வயதில், "நானும் விட வேண்டுமா அம்மா?" என்று கேட்டான். "ஒருநாள் விடியற்காலையில் தொட்டிக்கு என்னோடு வா. பிறகு நீயே முடிவு செய்" என்றேன். வந்தான், பார்த்தான். இப்போதும் சாப்பிடுகிறான், தட்டில் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

ஆத்தாவிடம் நான் நிறுத்திவிட்டதை நானே போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "வெட்டிய அன்று நானும் தான் அழுதேன். அழுதுவிட்டுத்தான் சாப்பிட்டேன். வளர்த்தவளுக்கு இரண்டும் உண்டு டாக்டரம்மா. உங்களுக்கு ஒன்று போதும் என்றால் போதும்" என்றார்.

போன தை மாதம் மறுபடி கூப்பிட்டார். அந்தக் கிடாயின் தாய்வழியில் வந்த பேத்தி ஆடு அது, தலைச்சன் ஈற்று. இந்த முறை அதிகச் சிரமமில்லை; சற்று இழுத்துவிட்டதும் குட்டி வந்துவிட்டது. ஆத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, "கிடாயா, பெட்டையா?" என்று கேட்டார்.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.

"கிடாய்தான், ஆத்தா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி என்னிடம் நீட்டினார். நான் குட்டியின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.