தூக்கியது இரண்டு இன்ச், தொலைத்தது இரண்டு இன்ச்

மாமனாரின் முந்திரித் தோப்பு காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் தடம். அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்ந்தால் பாறை மாதிரி கிடக்கும், நல்ல மழை ஒன்று பெய்தால் கரைந்து ஓடும், ஓடின இடத்தில் ஆள் உட்காருகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி மழையைக் கொட்டிவிட்டுப் போனதே, அப்போது எங்கள் தடத்தையும் கோணலாக வெட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் உருவாகிவிட்டது.

ஜனவரியில் எரு மூட்டை ஏற்றிக்கொண்டு பிக்கப்பில் போனேன். வலது முன் சக்கரம் மேட்டில் ஏறியது, இடது முன் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்று காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னாலும் அதே கதை, எதிர்ப்பக்கத்தில். மாமனார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஃபோர் வீலுன்னு சொன்னீங்களே மாப்ளே?" என்றார். டிராக்டர் வந்து இழுத்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் இந்தத் தடத்துக்காகவே முன்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்கியிருந்தேன்.

வண்டி பெயரைச் சொல்லப்போவதில்லை, நாளைக்கு விற்கும்போது இந்தப் பதிவையே காட்டி விலையைக் குறைப்பார்கள். முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த பழைய 4x4 என்பது போதும். புதிதாக வருகிற ஹைலக்ஸ், வி-கிராஸ் எல்லாம் முன்னால் காயில் ஸ்பிரிங். கொஞ்சம் பழைய பிக்கப்புகள் சிலவற்றில் டார்ஷன் பார் இருக்கும். கீழே குனிந்து பார்த்தால், சக்கரத்தை சேஸிஸோடு இணைத்து மேலும் கீழும் அசைகிற ஆர்மிலிருந்து பின்பக்கமாக, சேஸிஸை ஒட்டி நீளமாக ஒரு கம்பி போகும். அதன் ஒரு முனை ஆர்மில், மறுமுனை சேஸிஸில் ஒரு நெம்புகோலில் மாட்டியிருக்கும். சக்கரம் மேலே எழும்பினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். நெம்புகோலைத் தாங்கி ஒரு போல்ட் இருக்கிறது, ஸ்பேனர் போட்டு அதை முறுக்கினால் முன்பக்கம் தானாக உயரும். செலவு பூஜ்யம். யூடியூபில் பத்து நிமிஷ வேலை என்று காட்டுவார்கள். பத்து நிமிஷம்தான், பொய் இல்லை.

முறுக்கிவிட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தபோது சிங்கம் மாதிரி நின்றது. ஓட்டினால் ஸ்பீடு பிரேக்கரை இறங்கும்போது 'டொக்' என்று சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம். ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது போல, ஆஃப்ரோடு வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடலூர் முதுநகரில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், ஹார்பருக்கு மீன் ஏற்றப் போகும் வண்டிகள்தான் அவருக்குப் பிழைப்பு. தோப்பில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். பதில் சொல்லாமல் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். மேல் ஆர்முக்கும் அதன் கீழே இருக்கும் ரப்பர் ஸ்டாப்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். "ஒரு வெரலு போவுறதுக்கே மூச்சு முட்டுது தம்பி. ஒன் வண்டி ஸ்பிரிங்குல நிக்கல, ரப்பர்ல நிக்குது" என்றார்.

விஷயம் இதுதான். போல்ட்டை முறுக்கினால் கம்பி கெட்டியாவதில்லை. கம்பியின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் தடிமனும் நீளமும்தான், அதிலும் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்யும், 10 சதவீதம் தடித்த கம்பி போட்டால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். போல்ட் செய்வது ஒன்றே ஒன்று, வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாற்றுவது. சக்கரம் மேலும் கீழும் போகிற மொத்தத் தூரம் ஆர்மும் ரப்பர் ஸ்டாப்புகளும் வகுத்தது, அது அப்படியே இருக்கும். என் வண்டியில் அளந்தபோது மொத்தம் 7 இன்ச் வந்தது. கம்பெனி உயரத்தில் நின்றால் மேலே போக 4, கீழே தொங்க 3. நான் இரண்டு இன்ச் தூக்கியதும் மேலே 6, கீழே ஒரே ஒரு இன்ச். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும், இறங்க இடமே இல்லை. ஒரு இன்ச்சில் ஆர்ம் ரப்பரில் மோதும், அந்த 'டொக்' அதுதான். அதற்கு மேல் சக்கரம் அந்தரம். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் சாதாரணமானது என்றால் அந்தரத்தில் இருக்கிற சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கிறதுக்கு இழுவை வராது. ஆக, மேடு ஏறுவதற்காகத் தூக்கி, பள்ளத்தில் கால் வைக்க முடியாத வண்டியாக்கி வைத்திருந்தேன்.

கையில் காசு குறைவு என்றால் உயரத்தை வாங்காதீர்கள், தொங்கலை வாங்குங்கள். உயரமாக நிற்கிற வண்டி போட்டோவுக்கு நன்றாக இருக்கும். தோப்புக்குள் போய் வருவது சக்கரம் தொங்குகிற வண்டிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளப்பதிலேயே போயிற்று. டயரில் காற்று கூடக் குறைய இருக்கும், அதனால் தரையிலிருந்து அளக்கக் கூடாது, ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். சமதளத்தில் நிற்கும்போது ஓர் அளவு. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் இன்னோர் அளவு. மேல்பக்க அளவுக்கு டார்ஷன் பார் போல்ட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் ஆர்மை ரப்பரில் முட்டும்வரை தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான். இந்த மூன்று நிலையிலும் ஷாக்அப்சரின் இரண்டு முனையிலும் போல்ட் மாட்டுகிற கண்ணுக்கு நடுவில் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொண்டேன். இந்தக் காகிதம் இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவோம்.

முதலில் உயரத்தை இறக்கினோம். கம்பெனி அளவிலிருந்து முக்கால் இன்ச் மட்டும் மேலே, அவ்வளவுதான். அப்புறம் அந்த ரப்பர் ஸ்டாப். வெளிநாட்டில் இதற்கென்றே தட்டையான ஸ்டாப் விற்கிறார்கள், இங்கே வரவழைத்தால் கட்டுப்படியாகாது. காயலாங்கடையில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தது, நெய்வேலி பக்கத்தில் இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமா. துணி அடுக்கு வைத்ததாகப் பார்த்து எடுங்கள், உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற பெல்ட் என்றால் ஹேக்ஸா பிளேடுதான் தீரும். பழைய ஸ்டாப்பைவிட 8 மில்லிமீட்டர் தாழ்வாக வெட்டி, நடுவில் துளை போட்டு, தலை உள்ளே அமுங்குகிற மாதிரி போல்ட் வைத்து இறுக்கினோம். 8 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஸ்டாப் இருப்பது ஆர்ம் சேஸிஸில் அசைகிற பிவட்டுக்குப் பக்கத்தில், சக்கரம் இருப்பது தூரத்தில், அங்கே அது முக்கால் இன்ச்சாகிவிடும். கீழே தொங்க இப்போது சரியாக 3 இன்ச், கம்பெனி கொடுத்தது திரும்பி வந்தது, முக்கால் இன்ச் உயரம் லாபம்.

ஸ்டாப்பைக் குறைத்தால் ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது, ஆர்ம் முன்பைவிடக் கீழே போகும், ஆர்மின் நுனியில் இருக்கிற பால் ஜாயிண்டும், சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற ஆக்ஸில் சிவி ஜாயிண்டும் அதிகக் கோணத்தில் மடங்கும். அதைத் தடுக்க ஒரு நாடா கட்டினேன். ஹார்பர் பக்கம் கயிறு, வலை விற்கிற கடைகளில் பாரம் தூக்குகிற பாலியெஸ்டர் ஸ்லிங் கிடைக்கும், நிறத்தை வைத்தே தாங்கும் எடை சொல்லலாம், ஊதா 1 டன், பச்சை 2 டன். பச்சையில் இரண்டு குட்டை ஸ்லிங் வாங்கி, ஸ்டாப் முழுக்க முட்டுவதற்குச் சற்று முன்னால் விறைக்கும்படி சேஸிஸுக்கும் கீழ் ஆர்முக்கும் கட்டினேன். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், எங்காவது கடித்தால் நாடாவை இன்னும் குறைக்க வேண்டும். சிவி ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறையில் (பூட்) வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். செம்மண் கிரீஸோடு கலந்தால் அது உப்புத்தாள்தான்.

காசு அதிகமாகப் போனது ஷாக்அப்சருக்கு, போக வேண்டியதும் அதற்குத்தான். பழையதைக் கையில் பிடித்து அமுக்கினால் எதிர்ப்பே இல்லை, சைக்கிள் பம்பு மாதிரி போய் வந்தது. புதுச்சேரியில் ஸ்பேர் கடை கடையாக டேப்போடு அலைந்தேன். தொங்கும்போது என் அளவைவிட அரை இன்ச்சாவது கூடுதலாக நீள வேண்டும், அமுங்கும்போது ரப்பர் ஸ்டாப் முட்டுவதற்கு முன்னால் ஷாக் அடிமட்டம் தட்டக் கூடாது. மூன்றாவது கடையில் வேறொரு வண்டிக்கான, வாயு நிரப்பிய கேஸ் ஷாக் பொருந்தி வந்தது, கீழ்க்கண் புஷ் மட்டும் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டியிருந்தது. ஜோடி 7,400 ரூபாய். ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்லிங், போல்ட், அலைன்மென்ட், பாய் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 23,000-க்குள் முடிந்தது.

புஷ் விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தேன், எழுதியே ஆக வேண்டும். பாயிடம் வருவதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் புதுப் புஷ் போட்டிருந்தேன். அங்கே வேலை பார்த்த பையன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே எல்லாப் போல்ட்டையும் முழுக்க இறுக்கிவிட்டான். ரப்பர் புஷ் என்பது வழுக்கிச் சுற்றுகிற சாமான் இல்லை, உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியது, ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் இறங்கிய நிமிஷத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். மூன்று மாசத்தில் கிழிந்து, வெட்டின பலாச்சுளை மாதிரி வாயைப் பிளந்திருந்தது. போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. பாய் இதை எனக்குச் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை, செய்யும்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு இலவச வைத்தியம், முன்னால் இருக்கிற ஸ்டெபிலைசர் பார். ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் மறுபக்கத்தையும் சேர்த்துப் பிடித்து இழுப்பதுதான் அதன் வேலை. தார் ரோட்டில் அது உயிரைக் காப்பாற்றும், தோப்பில் காலைக் கட்டும். தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி லிங்க் போல்ட்டைக் கழற்றி, பாரை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டிவிடுகிறேன், திரும்பும்போது அதே இடத்தில் மாட்டுகிறேன். சோம்பல் பட்டு மாட்டாமல் ஹைவேயில் ஏறிவிடாதீர்கள்.

செய்யாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்மை வெட்டி நீட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டினார். ஸ்டீயரிங், பால் ஜாயிண்ட், நக்கிள் இவற்றில் ரோட்டோர வெல்டிங் வைக்க எனக்குத் தைரியம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். போல்ட் வாங்கும்போது தலையில் 10.9 என்று அடித்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரங்களை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அளவுக்கு மீறித் தூக்கிய வண்டி எஃப்சிக்குப் போய் நிற்கும்போது பேச வாய் இருக்காது.

இது முடிந்தவுடன் தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நண்பன் கூப்பிட்டான். கடற்கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட வருகிற மாசம், முடியாது என்றுவிட்டேன். நேராகத் தோப்புக்குத்தான் போனேன். அதே வாய்க்கால், அதே கோணல். டயர் காற்றை 35 psi-லிருந்து 20-க்கு இறக்கி, லோ கியரில் விட்டேன். இடது சக்கரம் இறங்கிக்கொண்டே போய் அடியில் இருந்த மண்ணைத் தொட்டது, நாடா விறைக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது, வண்டி தாண்டிவிட்டது. மாமனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது வண்டியில் நாலு மூட்டை அதிகமாக ஏற்றிவிட்டார், அந்தப் பாரத்தில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது, நடுப்பட்டையில் ஒன்று விரிசல் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பாய்.