பெட்ரோல் ஆக்டேவியாவுக்கு டீசல் கியர்பாக்ஸ் பூட்டிய கதை

கீழக்கரையில் நான் ஓட்டுவது மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டி.எஸ்.ஐ. பெட்ரோல். கம்பெனியிலிருந்து வரும்போது 180 பி.எஸ். சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகு விசை). ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் முதல் கட்ட வேலை, போட்டதும் டார்க் 330-ஐத் தாண்டிவிட்டது. எஞ்சின் இதை அலட்டிக்கொள்ளவில்லை. அதோடு பூட்டியிருக்கும் டிக்யூ200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பெட்டிக்கோ தாங்கும் அளவே 250 தான். கம்பெனி கணக்குப் போட்டுத்தான் எஞ்சினையும் அதே 250-இல் நிறுத்தியிருந்தது. அந்தக் கணக்கை மீறியது நான், அதனால் வழி தேடவேண்டியதும் நான்தான்.

எங்கள் பக்கத்துச் சாலைகள் இந்தப் பெட்டியை இரண்டு விதமாகப் படுத்துகின்றன. ஒன்று, விடுமுறை நாளில் பாம்பன் பாலம். கீழே கடலையும் பக்கத்தில் ரயில் பாலத்தையும் பார்க்க ஆட்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள், பின்னால் வருகிற வரிசை ஊரும். டிக்யூ200-இல் இருப்பது உலர் கிளட்ச். ஊர்ந்து போகும்போது அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். எண்ணெய்க் குளியல் கிடையாது, சூடு தணிய நேரம் வேண்டும். பாலம் இறங்குவதற்குள் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது ஒரு நடுக்கம் வந்துவிடும்.

இன்னொன்று, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த நேர்ச்சாலை. காற்று மணலை வாரித் தாரின் மேல் போட்டுவிடும். முடுக்கினால் முன்சக்கரம் மணலில் வழுக்கிச் சுழலும், அடுத்த அடியில் சுத்தமான தார் வந்ததும் வெடுக்கென்று பிடிக்கும். அந்த வெடுக்குதான் ஆபத்து. சீராக ஏறும் டார்க்கைவிட இப்படி ஒரு கணத்தில் வந்து மோதும் அதிர்ச்சியே டிஃபரன்ஷியலையும் (விசையை இரண்டு சக்கரத்துக்கும் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி) ஷாஃப்டையும் முறிக்கும். ஆகவே எனக்கு வேண்டியது பெரிய நம்பர் மட்டுமல்ல, ஊர்வதையும் உதறலையும் தாங்குகிற பெட்டி.

துபாயில் இருக்கும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), "டிக்யூ381 அனுப்புறேன், அதுதான் புதுசு" என்றார். 2020-இல் இங்கே வந்த, ஆக்டேவியாவின் வேக ரகமான வி.ஆர்.எஸ். 245-இல் இருப்பது அந்தப் பெட்டிதான், 370 நியூட்டன் மீட்டரோடு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் என் வண்டியின் மின்னணு அமைப்போடு அதைப் பேசவைப்பது தனி வேலை. சுங்க வரி வேறு. ராமநாதபுரத்து மெக்கானிக் அண்ணன் கேட்டதும் கையைக் கழுவிவிட்டார். எம்.க்யூ350 என்ற ஆறு கியர் மேனுவல் மலிவு, உறுதி, கம்ப்யூட்டர் தொல்லையும் குறைவு. மனைவியும் இதே வண்டியைத்தான் ஓட்டுகிறாள். "கிளட்ச் மிதிக்கிறதா இருந்தா நீங்களே ஓட்டிக்கோங்க" என்று ஒரே வரியில் அதை முடித்துவைத்தாள்.

இருக்கிற பெட்டிக்கே பலமான கிளட்ச் போடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். கிளட்ச் வழுக்குவது நிற்கும், சரி. அப்புறம்? உள்ளே இருக்கும் பல்சக்கரமும் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் பழையவைதானே. வழுக்காத கிளட்ச் அவ்வளவு பாரத்தையும் அப்படியே அவற்றின் தலையில் இறக்கும்.

மிச்சமிருந்தது டிக்யூ250. ஆறு கியர், எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச், தாங்கும் அளவு 350. 2017-இல் வந்த வி.ஆர்.எஸ். 230-இல் இதே குடும்பத்து எஞ்சினோடு 350 நியூட்டன் மீட்டருக்கு இந்தப் பெட்டியைத்தான் கம்பெனியே பூட்டியது. இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை. ஆனால் அந்த வண்டி முதலில் இந்தியாவுக்கு வந்ததே 500 தான். அதன் பெட்டி உடைசல் கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆக்டேவியா 2.0 டி.டி.ஐ. ஆட்டோமேட்டிக்கிலும் டிக்யூ250 உண்டு, அது 320 நியூட்டன் மீட்டர் டீசல். உடம்பும் ஒரே உடம்பு. மவுன்டிங், டிரைவ் ஷாஃப்ட், ஆயில் கூலர், கியர் லீவர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

பழைய பாக வியாபாரி ஒருவர் "வி.ஆர்.எஸ். பெட்டி, பெட்ரோல்" என்று சத்தியம் செய்து ஒன்றைக் காட்டினார். மெக்கானிக் அண்ணன் பேசவே இல்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்து, டீசல் நனைத்த துணியால் கரியைத் துடைத்து, உடம்பில் பொறித்திருந்த எழுத்துக் குறியீட்டை டார்ச் அடித்துப் படித்தார். சரிபார்த்தால் டீசல் பெட்டி. வியாபாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

ஒன்றல்ல. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் உழைப்பது, அதனால் அதன் பெட்டியின் இறுதி விகிதம் நீளம், அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைக்கூடத் தொடாது. பொதுவாகப் பெட்ரோலுக்கு இது மந்தம் என்பார்கள். எனக்கு இங்கேதான் யோசனை வந்தது. என் எஞ்சின் ரீமேப்புக்கு முன்பே 1,250 சுற்றிலிருந்து முழு டார்க்கும் தருவது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மலைச்சாலை கிடையாது, தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை ஈ.சி.ஆர். தட்டையாகக் கிடக்கிறது. நீளமான முதல் கியர் மணலில் சக்கரம் சுழல்வதையும் குறைக்கும். விலையைப் பெட்ரோல் பெட்டி விலையிலிருந்து டீசல் பெட்டி விலைக்கு இறக்கி அதையே வாங்கிக்கொண்டேன்.

பூட்டியது மதுரையில். எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் கனச் சக்கரமான பிளைவீல் மட்டும் பெட்ரோல் எஞ்சினுக்கானதாகப் புதிதாக வாங்கினோம், டீசலுடையது ஆகாது. மாற்றுவதைவிடப் பழையதைக் கழற்றியதுதான் பெரும்பாடு. கடற்கரை வண்டி அல்லவா, அடிச்சட்டமான சப்ஃபிரேமின் போல்ட்டுகள் துருவேறி நகர மறுத்தன. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனையில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதை அப்படியே திரும்பப் பூட்டியிருந்தால் ஸ்கேனரில் வரும் பிழைகளுக்குப் புதுப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருப்போம். புது ஒயர் போட்டு, இடத்தைச் சுரண்டி, கிரீஸ் தடவினோம்.

மென்பொருள் இல்லாமல் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை. டீசல் புரோகிராமோடு விட்டால் எஞ்சின் உச்சத்துக்கு வரும் முன்பே அடுத்த கியருக்குத் தாவிவிடும். அதோடு கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு டார்க் வரம்பு வைத்திருக்கிறது, அதை மீறினால் எஞ்சினைக் குறைக்கச் சொல்லும். இரண்டையும் திருத்தி, எஞ்சினை 340-இல் நிறுத்தச் சொன்னேன். மென்பொருளைத் திருத்திய டியூனருக்கு இன்னும் ஏற்ற ஆசை. நான் விடவில்லை.

ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான் இருக்கும், கியர்பாக்ஸ் எண் கிடையாது. அதற்காக எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும், 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்தது. வேலைக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

இப்போது பாம்பனில் எவ்வளவு ஊர்ந்தாலும் நடுக்கம் இல்லை. முன்பக்கம் இருபது கிலோவுக்கு மேல் கனம் கூடியது வளைவில் தெரிகிறது. கொடைக்கானல் ஏறியபோது கியர் அடிக்கடி கீழே இறங்கியது, அது தெரிந்து வாங்கியதுதான். ஈரக் கிளட்ச் என்பதால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றவேண்டும். எங்கள் வெயிலுக்கு நான் 40,000-இலேயே மாற்றப்போகிறேன்.