மொய் வேறு, பரிசு வேறு

திருநெல்வேலிச் சீமையில் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது செய்முறை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுவீட்டில் குடிபுகும் பால்காய்ப்பு என எந்த விசேஷமானாலும், அவர்கள் நம் வீட்டுக்கு முன்பு எழுதிய மொய்யை நோட்டில் பார்த்து, அதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்பி எழுதுவது இங்குள்ள வழக்கம். அதில் நம் விருப்பத்துக்கு இடம் குறைவு. தொகையைக் குறைத்தால் பேச்சு வரும். இரண்டாவது, எந்த நோட்டிலும் ஏறாத பரிசு. நடுத்தர வருமானக் குடும்பங்களின் கை கடிப்பது பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான். மொய்க்கவரைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகும், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று போகும் வழியில் ஒரு சுவர்க்கடிகாரத்தையோ கண்ணாடித் தம்ளர் செட்டையோ வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கடிகாரம் பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த பால்காய்ப்புக்குப் புறப்பட்டுவிடும். பாளையங்கோட்டையில் இப்படி வீடு வீடாகச் சுற்றும் கடிகாரங்களுக்குக் கணக்கே இராது.

ஆகவே மொய்யைத் தனியாக ஒதுக்கிவிட்டு, பரிசுக்கென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பதே என் வழக்கம். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் குவியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், அந்த மாதங்களில் கடன் வாங்குவதற்கு முகாந்திரமே இல்லை. தொகை சிறியதாக இருக்கும்போது நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: பெரிய பொருளில் மட்டமானதை வாங்காமல், சிறிய பொருளில் உயர்ந்ததை வாங்குவது. முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரம் கடிகாரங்களிலேயே கடைசி. அதே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருப்பட்டியோ, அந்த வகையில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்கலாம்.

கருப்பட்டியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெயரைச் சொல்லியே கண்டதையும் விற்கிறார்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே மினுமினுப்பு தெரியும், நாவில் வெறும் இனிப்பாக நிற்கும். கலப்பில்லாதது மங்கிய நிறத்தில், இலேசான கரிப்போடு இருக்கும். பதநீர் பெருகும் பங்குனி முதல் வைகாசி வரையில், பனையேறும் குடும்பங்களிடமே நேரில் வாங்கிவிடுவது உத்தமம். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகும் என்பதால் ஈரம் படாத இடத்தில் வைத்து, ஐப்பசிக்கு முன்பே உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வண்ணக்காகிதம் தேவையில்லை. கருப்பட்டி தீர்ந்த பிறகும் அந்தப் பெட்டி வெங்காயம் போட்டுவைக்க உதவும். ஆனால் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு, 'கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அல்வாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரருக்கு அல்வா வாங்கிக் கொடுப்பது பரிசாகாது. நினைத்த மாலையில் டவுனுக்குப் போய் அவரே வாழையிலையில் வாங்கித் தின்றுகொள்வார். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் தம்பிக்கும் கல்லூரித் தோழிக்கும் அதன் மதிப்பே வேறு. நெய் நிறைந்த அல்வா பயணத்தைத் தாங்கும் என்பதால் பார்சலில் அனுப்பவும் அஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அல்வாவைவிட உகந்தது. கை ஒட்டாது, அறை நண்பர்களோடு பங்கிடவும் எளிது.

வெளியூரில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இனிப்பைவிட வத்தல்தான் பெரிய உதவி. சித்திரை வெயிலில் போட்ட கூழ்வத்தல், மோர்மிளகாய், மிதுக்கங்காயை உலர்த்திய மிதுக்கவத்தல், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவற்றுக்குக் கைச்செலவு மிகக் குறைவு; மாடியில் காக்கையை விரட்டும் வேலைதான் அதிகம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன பொருள், எந்த மாதம் போட்டது என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது. மிதுக்கவத்தலைக் கண்டறியாத மருமகள்கள் இப்போது அநேகம் பேர் இருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் பொட்டலம் வீணாகாது.

புதிதாகக் குடித்தனம் வைக்கும் பெண்ணுக்கு நான் கொடுக்க விரும்புவது காருகுறிச்சி மண்சட்டி. அதையும் வாங்கிய அன்றே கொடுப்பதில்லை. புதுச்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடலாம், குழம்பில் மண்வாடையும் வரும். அரிசி களைந்த நீரையும் வடித்த கஞ்சியையும் மாற்றி மாற்றி ஊற்றிச் சில நாள் வைத்து, பிறகு எண்ணெய் தடவி, இளந்தீயில் காயவைத்துப் பழக்கிய சட்டியாகக் கொடுத்தால், அவள் மறுநாளே மீன்குழம்பு வைக்கலாம். வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டியின் விலையைக் காட்டிலும், அதைப் பழக்குவதற்கான நாட்களை நாம் எடுத்துக்கொண்டதுதான் உண்மையான பரிசு. பால்காய்ப்புக்கு என்ன கொடுப்பது என்ற குழப்பம் வந்தால், "மைனி, வீட்டுக்கு இன்னும் என்னதான் வாங்கணும்?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்பார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று ஹாட்பாக்ஸ் வந்து சேருவதைவிட அது பெரிய குறையில்லை.

சிறு குழந்தைகளுக்கு அம்பாசமுத்திரத்து மரச்சொப்புச் சாமான் இருக்கிறது. கடைசலில் பிடித்து வண்ண அரக்கு ஏற்றிய அடுப்பு, அம்மி, உரல், திருகை எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கம். பேட்டரி தீர்ந்தால் மூலையில் கிடக்கும் காரைவிட இது நீடித்து உழைக்கும். பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம். துணிமணி எடுப்பதென்றால் தீபாவளிச் சமயத்தில் கோ-ஆப்டெக்ஸ் வழங்கும் 30 சதவீதத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பட்டு எடுக்க முடியாத ஆண்டில் வீரவநல்லூரின் செடிபுட்டாச் சேலையை அம்மாவுக்கோ அத்தைக்கோ தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்குப் பொருள் வாங்குவது கடினம். ஆச்சியிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "எனக்கு என்னத்துக்குய்யா, நீங்க நல்லாருந்தா போதும்" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் அவருக்குப் போக வேண்டிய இடங்கள் இருக்கும். தாமிரபரணிக் கரையையொட்டி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி சுற்றுவட்டாரத்தில் பரவியிருக்கும் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிகளையும் ஒரே நாளில் சேவித்துவிடலாம். கோயில்களில் மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுவதுண்டு. கூட்டத்தைத் தாங்க முடியாத முழங்கால் என்றால், வேறொரு மாதத்தில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வண்டி பிடித்துக்கொள்ளலாம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தடியில் ஆச்சியை அவர் போக்கில் உட்கார விட்டுவிட வேண்டும். நேரமாகிறது என்று அங்கே அவசரப்படுத்தினால் செலவழித்தது அத்தனையும் வீண்.

பலர் சேர்ந்து ஒரு பரிசைக் கொடுப்பதற்கு நம் ஊரில் இன்னும் தயக்கம் இருக்கிறது. யார் கொடுத்தது என்று தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் காரணம். அந்தத் தயக்கத்தை விடுவதற்கு ஏற்ற பொருள் பத்தமடைப் பாய். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள அந்த ஊரில், ஆற்றோரக் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றிப் பட்டுத்துணிபோல் மடியும் பாயாக நெய்கிறார்கள். மணமக்களின் பெயரையும் முகூர்த்த நாளையும் சேர்த்து நெய்த கல்யாணப் பாய் தனி ஒருவரின் சிறு தொகைக்கு எட்டாது. சித்தி பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளுமாகச் சேர்ந்தால் தலைக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நுண்ணிய கோரையில் கையால் நெய்வதற்கு நாள் பிடிக்கும். ஆவணிக் கல்யாணத்துக்குச் சித்திரையிலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளையின் பெயரை வாய்மொழியாகச் சொல்லாமல், இனிஷியல் உட்படப் பத்திரிகையில் அச்சிடப்போகும் வடிவத்திலேயே தாளில் எழுதிக் கொடுத்து, நெசவு தொடங்கும் முன் பெண்ணின் அப்பாவிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.