ஒரு போன் நம்பர் மாற்றிய கதை

ஜூலை 8, 2025, செவ்வாய்

கடை திறந்ததும் பெருந்துறையிலிருந்து ஒருவர் வந்து சண்டைக்கு நின்றார். "மூணு நாளா கூப்பிடறனுங்க, யாரோ ஒரு அம்மா எடுத்து ராங் நம்பர்ங்கறாங்க." அவர் போனில் எங்கள் வெப்சைட். அதில் இருந்த நம்பர், நான் எப்போதோ ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட சிம். மண்டபத்துக்குப் பன்னிரண்டு ஜமக்காளம் வேண்டுமாம். நல்லவேளை, பவானிக்கே தேடி வந்துவிட்டார். வராமல் போனவர்கள் எத்தனை பேரோ.

சைட் செய்துகொடுத்த தம்பியிடம் சொன்னேன். "நாளைக்கு மாத்திடறேன்ணா" என்றான்.

ஜூலை 14, திங்கள்

அந்த நாளை இன்னும் வரவில்லை. சென்னையிலிருந்து மகள், "டொமைன், அதான் சைட்டோட முகவரிப் பேர், யார் பேர்லப்பா இருக்கு?" என்று கேட்டாள். பழைய பில்லைத் தேடிப் பார்த்தால் எல்லாம் தம்பியின் மெயிலில். வருஷா வருஷம் பணம் கட்டுவது நான், பத்திரம் அவன் பேரில்.

அவன் கெட்டவன் இல்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறானாம்.

ஜூலை 20, ஞாயிறு

டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றுவதானால் பூட்டைத் திறக்க வேண்டும், ரகசியக் குறியீடு வாங்க வேண்டும், சில நாள் காத்திருக்க வேண்டுமாம். அதெல்லாம் வேண்டாமென்று, அதே கம்பெனியில் எனக்கு ஒரு கணக்குத் தொடங்கியதும் அவன் கணக்கிலிருந்து அதற்குத் தள்ளிவிட்டான். பத்து நிமிஷ வேலை. சைட்டைத் திருத்தும் வேர்ட்பிரஸ் லாகின், சைட்டின் பைல்கள் இருக்கும் ஹோஸ்டிங் லாகின் எல்லாம் இப்போது என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். நோட்டில் எழுதி வைப்பதை மகள் திட்டுகிறாள். திட்டட்டும்.

ஜூலை 21, திங்கள்

ஒரு நம்பர்தானே என்று உட்கார்ந்தேன். அது ஐந்து இடத்தில் இருக்கிறது. மேலே, கீழே, தொடர்புப் பக்கத்தில், வாட்ஸ்அப் பட்டனில். நான்கையும் மாற்றிவிட்டுப் போனில் பார்த்தால் பழையதே நிற்கிறது. பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் என்று ஒன்று இருக்கிறதாம், அதைத் துடைத்த பிறகுதான் புதியது தெரிந்தது. வாட்ஸ்அப் பட்டன் மட்டும் திறக்கவே இல்லை. நான் பழக்கத்தில் முன்னால் பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன். 91 போட்டு அதோடு பத்து இலக்கம், பிளஸ் குறிகூடக் கூடாது.

ஐந்தாவது நம்பர் பேனர் படத்துக்குள் இருக்கிறது. பிளக்ஸ் கடைக்காரர் போட்ட டிசைன். படத்தில் இருப்பதை எப்படி அழிப்பது? படத்தையே தூக்கிவிட்டேன். அந்தத் தாமரைப் பூ எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

ஜூலை 24, வியாழன்

பழைய நோட்டீஸில் நல்ல தமிழில் கடையைப் பற்றி எழுதியிருந்தது. டிடிபி கடையில் பைல் வாங்கி ஒட்டினால் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கமாவும். பாமினி என்ற பழைய எழுத்துருவாம், எல்லா போனிலும் தெரிகிற யூனிகோடு இல்லை. எழுத்தை மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டதும் தமிழாகிவிட்டது. படித்துப் பார்த்தால் அப்படியொன்றும் நல்ல தமிழும் இல்லை. நானே எழுதினேன்: பவானி ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது, 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது, 1985ஆம் வருஷச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கிய ரகம். சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கை பவானி என்று விற்பவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதினேன். கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, ரெண்டு வரி எடுத்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

படங்கள். ஒவ்வொன்றும் 5 எம்பி, நாற்பது படம். எங்கள் தெரு சிக்னலில் பக்கம் திறப்பதற்குள் ஒரு பாவு ஓட்டிவிடலாம். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துச் சேமித்ததும் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் வந்துவிட்டது. டியூப்லைட்டில் எடுத்ததில் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறது. வாசலில் காலை வெயில் ஏறுமுன் விரித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கூடுதுறைக் கூட்டம். சைட் பக்கமே போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் சைட் பக்கம் போயிருக்கக் கூடாது. அப்டேட் என்று ஏழு இருந்தது, எல்லாவற்றையும் ஒரே அமுக்கு. சைட் காலி! வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி, ஏதோ பெரிய பிழை என்று. வியர்த்துவிட்டது. மகள் போனில் வழி சொல்லச் சொல்ல, ஹோஸ்டிங்கில் பைல் மேனேஜரைத் திறந்து, சந்தேகப்பட்ட பிளகினின் (சைட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போல்டர் பெயரோடு ஒரு எழுத்தைச் சேர்த்தேன். சைட் திரும்பி வந்தது. இனி பேக்கப் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று தேசியக் கைத்தறி தினம், ஆர்டர் ஒன்றும் இல்லை. சரி என்று அந்தப் பழைய நம்பருக்கு நானே கூப்பிட்டேன், மன்னிப்புக் கேட்க. அந்த அம்மா சிரித்தார். "வாரத்துல ரெண்டு கால் வரும்ங்க. விலை தெரிஞ்சிருந்தா நானே ஆர்டர் எடுத்திருப்பேன்."

விலைப்பட்டியல் சைட்டில்தான் இருக்கிறது என்றேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாராம்.